உளி நின்ற இடங்கள்

மாமல்லபுரத்துக்கு ஒரு நாள் சுற்றுலா என்றால் சென்னைக்காரர்களுக்குப் பாதை மனப்பாடம். பதினொரு மணிவாக்கில் வேன் ஊருக்குள் நுழையும். வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குவது போல ஒரு படம். அர்ஜுனன் தபசு முன்னால் குடும்பத்தோடு ஒரு படம். ஐந்து ரதங்களில் கல் யானைக்குப் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்தி இன்னொன்று. வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் இளநீர், சாப்பாடு. சாயங்காலம் கடற்கரைக் கோயில், அலையில் கால் நனைப்பு, வறுத்த மீன், கிளிஞ்சல் மாலை. பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையின் நெரிசலுக்கு முன்னால் கோவளத்தைத் தாண்டிவிட வேண்டும் என்ற அவசரம்.

இப்படி ஓடியோடிப் பார்த்தாலும் இந்த ஊர் யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. 1984ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம் இது. கொரோனாவுக்குப் பிந்தைய 2021-22ஆம் ஆண்டில், தொல்லியல் துறை கட்டணம் வாங்கும் சின்னங்களில் வெளிநாட்டுப் பயணிகள் அதிகமாக வந்தது தாஜ்மகாலுக்கு அல்ல, மாமல்லபுரத்துக்குத்தான். ஆனாலும் அந்த வேன் பாதையில் வராத ஒரு மாமல்லபுரம் இருக்கிறது. குன்றின் முதுகிலும் சரிவிலும் ஊரின் மேற்கு ஓரத்திலும் பாதி செதுக்கி விட்டுவிட்ட குடைவரைகளும் கோயில்களும் சிற்பத் தொகுதிகளும் நிற்கின்றன. 'இது முடியாத வேலை, பார்க்க ஒன்றுமில்லை' என்று வழிகாட்டிகள் கையசைத்துக் கடந்துபோகும் இடங்கள் அவை. பல்லவச் சிற்பி எப்படி யோசித்தான், எங்கே முதல் அடி அடித்தான், எங்கே தயங்கினான் என்பதெல்லாம் தெரியும் இடங்களும் அவைதான். ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், அதில் பாதியை இவற்றுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

காலை வெளிச்சத்தில் தபசு

நினைவுச்சின்னங்கள் காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகின்றன. ஆறரைக்குள் தபசுப் பாறையின் முன் நின்றுவிடுங்கள். பாறை கிழக்கு பார்த்தது. கடலிலிருந்து எழும் வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு நிழல் கிடைக்கும். உச்சி வெயிலில் தட்டையாகத் தெரியும் அதே உருவங்கள் அப்போது பாறையிலிருந்து வெளியே வந்து நிற்கும்.

ஏறத்தாழ முப்பது மீட்டர் நீளத்துக்கு இரண்டு பெரும் பாறைகள்; நடுவே இயற்கையான ஒரு பிளவு. அந்தப் பிளவையே கங்கை இறங்கும் வழியாக்கி, அதில் நாகர்களை நீந்தவிட்டார்கள். பிளவுக்கு மேலே குன்றில் நீர் தேக்கி வைத்துத் திறந்துவிட்டதற்கான தடயங்கள் உண்டு. தண்ணீர் வழிந்தபோது இந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் கண்ணை மூடி நினைத்துப் பார்க்கலாம். ஒற்றைக் காலில் கைகளை உயர்த்தி நிற்கும் தவசி அர்ஜுனனா பகீரதனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்கு அந்தத் தவசியைவிட, யானைக் கூட்டத்துக்கு அருகே அதே தோரணையில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் பூனையைப் பிடிக்கும். அதைச் சுற்றி நம்பிக்கையோடு எலிகள். இத்தனை தெய்வங்களும் கணங்களும் நிறைந்த பாறையில் ஒரு போலிச் சாமியாருக்கும் இடம் ஒதுக்கினானே, அந்தச் சிற்பியின் மனத்தை என்ன சொல்வது! கீழே, பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்ளும் மானையும் தேடிப் பாருங்கள். காட்டில் மானைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவனால்தான் அப்படிச் செதுக்க முடியும்.

இவ்வளவும் பெரும்பாலானவர்கள் பார்ப்பதுதான். அடுத்தது பார்க்காதது. பாறையின் இடது கீழ்ப்பகுதிக்குக் கண்ணை இறக்குங்கள். அங்கே உருவங்கள் நின்றுபோய் வெறும் பாறை தொடங்குகிறது. உலகமே கொண்டாடும் இந்தத் தொகுதியும் முழுதாக முடிந்ததில்லை.

அதைவிட ஆச்சரியம், இதே காட்சியின் இன்னொரு வடிவம் இதே குன்றில் தெற்கே தள்ளி இருக்கிறது. அதுவும் தபசுதான், அதுவும் பாதியில் நிற்பது. உருவங்கள் பாறையிலிருந்து பாதி மேலெழுந்து, முகம் துலங்காமல், அப்படியே தங்கிவிட்டன. இது முதலில் செய்து பார்த்த ஒத்திகையா, பெரியதைப் பார்த்துப் பின்னால் தொடங்கியதா என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. இரண்டையும் ஒரே காலையில் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு ஒன்று விளங்கும். பெரிய பாறையில் நாம் காணும் அந்த உயிர்ப்பு கடைசி மெருகில் வந்துசேர்ந்தது அல்ல. கோட்டுருவம் போட்டபோதே வந்துவிட்டது. முடியாத தொகுதியிலும் உடல்கள் அசைகின்றன.

பாறையைக் கட்டம் கட்டியவர்கள்

தபசிலிருந்து தெற்கே நடந்தால் சில அடிகளில் பஞ்ச பாண்டவர் மண்டபம். இந்த ஊரின் குடைவரைகளிலேயே பெரியதாகத் திட்டமிடப்பட்டது. பாண்டவருக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெயர் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. முகப்பில் சிங்கங்கள் தாங்கும் தூண்கள் வரிசையாக வந்துவிட்டன. உள்ளே, நடுவில் ஒரு கருவறையை விட்டு அதைச் சுற்றி வலம்வரும் பாதை குடைவதாகத் திட்டம். அந்த வேலை பாறைக்குள் போய்ப் பாதியில் நிற்கிறது.

இங்கே உள்ளே குனிந்து பாருங்கள். அப்படியே குன்றின் மற்ற முடியாத குடைவரைகளையும் பாருங்கள். பல்லவர்கள் பாறையைக் குடைந்த முறை அவற்றில் தெரியும். முதலில் பாறை முகத்தை ஓரளவு சமன்படுத்தினார்கள். அதன்மேல் சதுரக் கட்டங்கள் போட்டார்கள். மைசூர்பாகு இறுகும் முன் தட்டில் கத்தியால் கோடு கிழிப்பதைப் போல, கட்டங்களின் ஓரங்களில் உளியால் ஆழமான வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் கல்லைத் தட்டிப் பெயர்த்தார்கள். ஓர் அடுக்கு போனதும் மறுபடி கட்டம், மறுபடி வாய்க்கால். தூணாக வேண்டிய இடத்தில் கல்லை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொண்டே போனார்கள். ஒருவர் பின்னால் ஒருவராகக் கல்தச்சர் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ய இந்த முறை வழிவிட்டது. ஒருபுறம் முரட்டு வெட்டு நடக்கும்போதே இன்னொருபுறம் தேர்ந்த கை தூணுக்கு மெருகேற்றிக்கொண்டிருக்கும்.

கட்டடம் கட்டுபவன் அடியிலிருந்து மேலே போகிறான்; ஒரு கல் கோணலானால் எடுத்துவிட்டு வேறு வைக்கலாம். பாறையைக் குடைபவனுக்கு அந்த வசதி கிடையாது. தவறி விழுந்த ஒரு அடிக்குப் பரிகாரமே இல்லை. அதனால்தான் முழுத் திட்டமும் வேலை தொடங்கும் முன்பே அவர்கள் தலைக்குள் இருந்திருக்க வேண்டும். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்டது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அந்தப் பெருமைக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதை மாமல்லபுரத்தின் முடியாத சுவர்களில் கை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். (கை வைத்து என்றது பேச்சுக்கு. சிற்பங்களைத் தொடாதீர்கள்.)

குன்றின் மேல் சில பாறைகளில் வரிசையாக ஆப்புக் குழிகள் காணப்படும். அவை எல்லாவற்றையும் பல்லவர் கணக்கில் எழுதிவிட வேண்டாம். பின் வந்த காலங்களிலும் இந்தக் குன்றில் கல் உடைத்திருக்கிறார்கள்.

ரதங்களுக்கு முன் ஒரு மாற்றுப் பாதை

ஐந்து ரதங்களுக்குப் போகும் முன், ஊரின் மேற்குப் பக்கம் ஒரு சுற்று போய்வர வேண்டும். பிடாரி ரதங்கள் இரண்டும் வலையன்குட்டை ரதமும் அங்கே இருக்கின்றன. ஆட்டோக்காரரிடம் பெயரைச் சொன்னால் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். அத்தனை பேர் கேட்பதில்லை. புல்லும் புதரும் சூழ, கூட்டமே இல்லாமல் நிற்கும் இந்த ஒற்றைக்கல் கோயில்களில் மேல்தளங்கள் ஏறக்குறைய முழுமை. விமானத்தின் சிகரம், கூடுகள், வண்டிக்கூடு வடிவிலான 'சாலை' என்னும் சின்னஞ்சிறு உறுப்புகள் எல்லாம் துல்லியமாக வந்துவிட்டன. கீழே வரவர வேலை முரடாகி, அடித்தளத்தில் வெறும் பாறை. மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள் என்று பாடப் புத்தகத்தில் படித்த ஒரு வரிக்கு இதைவிட நல்ல விளக்கப்படம் எங்கும் கிடையாது.

இதைப் பார்த்துவிட்டு ஐந்து ரதங்களுக்கு வந்தால் கண்ணே மாறிப்போயிருக்கும். வடக்கிலிருந்து தெற்காக உயரும் பாறை முதுகை வகுத்து, சிறியதில் சிறிய கோயிலும் பெரியதில் பெரிய கோயிலுமாகச் செதுக்கியிருக்கிறார்கள். திரௌபதி ரதத்துக்குக் கூரை வேய்ந்த குடிசையின் வடிவம். உள்ளே கொற்றவை, அவள் காலடியில் தன் தலையையே அரிந்து கொடுக்க முனையும் பக்தன். பீம ரதத்துக்கு நீண்ட வண்டிக்கூடு போன்ற கூரை. நகுல சகதேவ ரதம் தூங்கானை மாடம். அதன் பின்புற வளைவையும் பக்கத்தில் நிற்கும் கல் யானையின் பின்புறத்தையும் சேர்த்துப் பார்த்தால் அந்த யானையை ஏன் அங்கே வைத்தார்கள் என்பது புரிந்துவிடும். மரத்திலும் ஓலையிலும் செங்கல்லிலும் அன்றைக்கு நாட்டில் இருந்த கட்டட வகைகளைக் கல்லில் பதிவு செய்துவைத்த இடம் இது. மூலங்கள் எல்லாம் மக்கிப் போய்விட்டன; இந்தப் படிகள்தாம் எஞ்சின.

தர்மராஜ ரதத்தின் மேல்தளச் சிற்பங்களைக் கீழிருந்து முழுதாகப் பார்க்க இயலாது. கீழ்த்தள மூலைகளில் அர்த்தநாரி, ஹரிஹரன், பிரம்மா ஆகியோருடன் ஒரு அரசனின் உருவமும் உண்டு. நரசிம்மவர்மன் என்று கருதப்படுபவன் அவன்தான். மேலே அரசனின் விருதுப் பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. இந்தக் கோயிலின் பெயரையும் 'அத்யந்தகாம பல்லவேச்வர க்ருஹம்' என்று அங்கேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

யார் செய்தது, ஏன் நின்றது

அந்தப் பெயரிலிருந்துதான் ஒரு பெரிய வாதம் கிளம்பியது. நம்மில் பலர் மாமல்லபுரத்துக்குப் போகும் முன்பே அதைக் கல்கியின் எழுத்தில் பார்த்தவர்கள். 1944 முதல் 1946 வரை தொடராக வந்த 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு இது மகேந்திரனும் மாமல்லனும் கட்டி எழுப்பிய கலைநகரம். ஆய்வாளர்களில் பலரும் பெரும்பகுதி வேலையை முதலாம் நரசிம்மவர்மனுக்கே கொடுத்துவந்தார்கள். 642ல் வாதாபியை வென்ற மாமல்லன் அவன். 630 முதல் 668 வரை ஆண்டவன்.

1960களின் தொடக்கத்தில் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி வேறொன்று சொன்னார். கல்வெட்டுகளில் வரும் அத்யந்தகாமன் முதலிய விருதுகள் இரண்டாம் நரசிம்மவர்மனான இராஜசிம்மனுடையவை. ஆகவே இங்குள்ள எல்லாமே எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவன் ஒருவனின் ஆட்சியில் உண்டானவை என்றார். ஒரே அரசன், பலவகைக் கற்பனை என்பது அவர் வாதம். மற்றவர்கள் இத்தனை பாணி வேறுபாடுகளை ஒரே ஆட்சிக்குள் அடக்க முடியாது என்றார்கள். ஆதிவராக மண்டபத்தில் சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்ற பெயர்களோடு, தேவியர் சூழ அரச உருவங்கள் இருப்பதும் வழக்கை மேலும் சிக்கலாக்குகிறது.

என் மனம் பல தலைமுறைக் கருத்தின் பக்கம்தான் சாய்கிறது. முடியாத வேலைகளைச் சுற்றி வந்தபின் அந்தச் சாய்வு கூடியது. ஒரே அரசன் இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் இத்தனையைத் தொடங்கி, இத்தனையைக் கைவிட்டிருப்பான் என்று நம்புவது கடினம். மாமல்லனுக்குப் பின் சாளுக்கியன் முதலாம் விக்ரமாதித்யன் காஞ்சி வரை படையெடுத்து வந்தான். போருக்குக் காசு போனால் கல்லுக்குக் குறையும். அரசன் மாறினால் புதியவன் தன் பெயரில் புதிதாகத் தொடங்க விரும்புவான். பாறையில் எதிர்பாராத வெடிப்பு தென்பட்டால் அதோடு அந்த வேலை அவ்வளவுதான். எல்லாவற்றையும்விட, இராஜசிம்மன் காலத்தில் கல்லை வெட்டி அடுக்கிக் கட்டும் முறை கைவந்துவிட்டது. காஞ்சி கைலாசநாதரும் இங்குள்ள கடற்கரைக் கோயிலும் அவன் எழுப்பியவை. அடுக்கிக் கட்டினால் வேண்டிய உயரம், வேண்டிய இடம். அதற்குப் பிறகு குன்றைக் குடைய யார் முன்வருவார்கள்?

ரதங்களுக்குப் போகும் சாலையோரப் பட்டறை ஒன்றில், விநாயகருக்குத் தும்பிக்கை வளைத்துக்கொண்டிருந்த வயதான சிற்பியிடம் இதைக் கேட்டேன். "ஐயா, அந்தப் பஞ்ச பாண்டவர் மண்டபத்தை ஏன் விட்டுட்டாங்கன்னு நினைக்கிறீங்க?"

உளியைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: "அது கெட்டுப்போன வேலை இல்ல சார், நிறுத்தின வேலை. கெட்டிருந்தா கல்லுல தெரியும். மறுநாள் வரப்போறவன் மாதிரிதான் விட்டுட்டுப் போயிருக்கான்."

இந்தக் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் புத்தகங்களில் படித்ததில்லை.

இன்னும் ஓயாத சத்தம்

அந்தப் பட்டறைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் இன்று தொடர்ந்து கேட்பதற்கு முக்கியக் காரணம், 1957ல் இங்கே அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம். அதுதான் இப்போது அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. நீண்ட காலம் அதன் முதல்வராக இருந்த வை. கணபதி ஸ்தபதிதான் கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை வடித்தவர். இங்கு பயின்றவர்கள் பல நாடுகளில் கோயில் எழுப்பியிருக்கிறார்கள். 2017ல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் பட்டறைக்குள் காட்சி மாறிவிட்டது. முரட்டு வெட்டெல்லாம் இப்போது கட்டிங் மெஷினும் கிரைண்டரும்தான். வேலை வேகம், கூடவே வெள்ளைத் தூசி. கருங்கல் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்தால் அதைத் திருப்பி எடுக்க மருத்துவத்தில் வழியில்லை. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்யும் இளைஞர்களைப் பார்க்க மனசு பதறுகிறது. ஈரம் விட்டு அறுப்பதும் நல்ல முகக்கவசமும் ஆடம்பரம் அல்ல. புவிசார் குறியீடு கொடுத்த கையோடு இதையும் கொடுத்திருக்க வேண்டும்.

உப்பும் மணலும்

பிற்பகலைக் கடற்கரைக் கோயிலுக்கு வைத்துக்கொள்ளலாம். கடலைப் பார்த்து ஒன்றும் ஊரைப் பார்த்து ஒன்றுமாக இரண்டு சிவன் சன்னதிகள்; நடுவில், அவை வருவதற்கு முன்பே பாறையில் வடிக்கப்பட்டிருந்த பள்ளிகொண்ட பெருமாள். சுவர்ச் சிற்பங்கள் உப்புக் காற்றில் மழுங்கிவிட்டன. கடல் நெருங்காமல் இருக்கப் பாறைத் தடுப்பு போட்டார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கு வைத்தார்கள். தொல்லியல் துறையினர் காகிதக் கூழைச் சுவரில் அப்பி, கல்லுக்குள் ஊறிய உப்பை அதில் இறங்கவைத்து எடுக்கிறார்கள். பொறுமையான, பெயர் வராத வேலை. கோயிலை ஒட்டி மணலுக்கு அடியிலிருந்து வராகர் சிலையும் சிறு கோயிலும் 1990ல் வெளிவந்தன.

2004 டிசம்பர் சுனாமி கரையை அரித்தபோது வெளிப்பட்ட தடயங்களைத் தொடர்ந்து, வடக்கே சாளுவன்குப்பத்தில் 2005ல் அகழ்வு நடந்தது. வடக்கு பார்த்த ஒரு முருகன் கோயில் கிடைத்தது; பல்லவர் காலக் கட்டுமானத்துக்குக் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயில். நேரம் இருந்தால் திரும்பும் வழியில் இறங்கிப் பாருங்கள். யாளி முகங்கள் சூழ்ந்த புலிக்குகையும் அதே இடத்தில்தான்.

குறைகளையும் சொல்லாமல் விட முடியாது. ஆயிரத்து முந்நூறு ஆண்டு தாங்கிய சுவர்களில் காதலர் பெயர்களைக் கீறிவைத்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. முடியாத குடைவரைகளில் சில, உட்கார்ந்து பொட்டலம் பிரிக்கும் நிழலிடங்களாகிவிட்டன. காரணம் எளிது. அவை என்னவென்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. பெயரும் நூற்றாண்டும் மட்டும் எழுதிய பலகையைப் பார்த்து யார் நிற்பார்கள்? இந்தக் கட்டங்கள் எப்படி வெட்டப்பட்டன, வேலை எந்தப் படியில் நின்றது என்று நாலு படத்தோடு தமிழில் ஒரு பலகை வைத்தால், பள்ளிப் பிள்ளைகள் தாமாகவே நின்று பார்ப்பார்கள். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் வந்தபோது ஊரையே சில நாட்களில் அலங்கரித்துக் காட்டினோம். அந்த முனைப்பில் ஒரு பங்கு போதும்.

மாணவர்களை அழைத்துவரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெண்ணெய் உருண்டைக்கு ஒதுக்கும் ஒரு மணி நேரத்தில் பாதியைப் பிடாரி ரதங்களுக்குக் கொடுங்கள். மேலிருந்து கீழாக வேலை எந்த வரியில் நின்றது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். காலையில் போங்கள், தண்ணீர் கொண்டு போங்கள். அந்தப் பக்கம் கடைகள் இல்லை.